கேட்டதற்கு ஒரு சீட்டு

“உங்க வூட்டுல ஆட்டை எண்ணத்தாம்மா தெரியும். இங்க ஒரு ரூம் பூரா ரெஜிஸ்டர் கெடக்குது. இதுக்குள்ள பூந்து ஒரு பேரத் தேடி எடுக்க உன்னால ஆவுமா?”

சார்பதிவாளர் அலுவலகத்தில் நான் சேர்ந்த முதல் நாள் தலைமை எழுத்தர் கேட்ட கேள்வி இது. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே சந்தேகப்பட்டுத்தான் கேட்டார். அதனால் எனக்கு இன்னும் அதிகமாக உறைத்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் வெளியே வந்த முதல் ஆள் நான். பிளஸ் டூ தேறிவிட்டு வந்தவளை அந்த அலுவலகத்தில் நகல் எழுதச் சேர்த்துக்கொண்டார்கள். பழைய பதிவேட்டில் இருப்பதைப் பார்த்து அப்படியே வெள்ளைத் தாளில் எழுத வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. வயதெல்லாம் கேட்கவில்லை. ஒரு பக்கம் எழுதிக் காட்டச் சொன்னார்கள். என் கையெழுத்தைப் பார்த்ததும் சார்பதிவாளரே “யாரும்மா இது?” என்று தலையை நிமிர்த்திக் கேட்டார். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

அப்பா எனக்கு ஒரு வருஷம் கொடுத்திருந்தார். அந்த வருஷத்துக்குள் அரசு எழுத்தர் பரீட்சை எழுதித் தேறினால் வேலைக்குப் போகலாம். இல்லாவிட்டால் தொப்பூரில் மலைப்பாதையோரம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முறைமாமனுக்கு என்னைக் கொடுத்துவிடுவது என்று பேச்சு. மாமன் கெட்டவர் இல்லை. ஆனால் அந்தக் கடையில் வாழ்நாள் முழுக்க லாரிக்காரர்களுக்குச் சோறு போடுவதற்காக நான் பன்னிரண்டு வருஷம் மூன்று மைல் நடந்து படிக்கவில்லை. 1985ஆம் வருஷத்துப் பரீட்சைக்கு அப்போதுதான் விண்ணப்பம் போட்டிருந்தேன்.

தலைமை எழுத்தர் சொன்ன அந்த ரெஜிஸ்டர் அறையைப் பார்த்துக்கொண்டவர் ஒரு பெண். நான் எழுதப்போவது அவரைப் பற்றித்தான். அடுத்த வருஷமே அவரைப் பொம்மிடிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். பிறகு பார்க்கவில்லை. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், “அத யாரு கேட்டாங்க?” என்பார்.

அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். கத்தோலிக்கக் குடும்பம், விவசாயம் செய்கிற வீடு. வெளிர் நிறத்தில் மூன்றோ நான்கோ நூல் புடவைகள், கழுத்தில் சின்னச் சிலுவை போட்ட கறுப்புக் கயிறு, காதில் ஒரு பென்சில். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். மனுக் கொடுக்க வருகிறவர்கள் மேடம் என்றார்கள். முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் ‘ஒத்தச்சீட்டு’. எத்தனை பெரிய கதையோடு வந்தாலும் கடைசியில் அவரிடமிருந்து ஒரே ஒரு சீட்டுதான் வரும். பழைய படிவங்களின் பின்பக்கத்தை நான்காகக் கிழித்து வைத்திருப்பார். அதில் பென்சிலால் மூன்று வரி. அவ்வளவுதான்.

அந்த அறையில் சுற்றுவட்டார ஊர்கள் எல்லாவற்றின் பிறப்பு இறப்புப் பதிவேடுகளும் இருந்தன. கிராமத்து மணியக்காரர்கள் எழுதி அனுப்பியவை. சிலர் மையால் எழுதியிருப்பார்கள், சிலர் சாம்பல் தண்ணீரால் எழுதியதுபோல் எழுதியிருப்பார்கள். குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு செய்துவிடுவதால் பிறப்புப் பதிவில் பெயரே இருக்காது. ‘ஆண்’ அல்லது ‘பெண்’, அப்பா பெயர், அம்மா பெயர், தேதி. எங்கள் பக்கத்தில் அப்பாக்களுக்கும் மொத்தமே பத்துப் பெயர்கள்தான். மாதையன், முனியப்பன், சின்னசாமி, மறுபடியும் மாதையன். ஒரு ஊர், ஒரு வருஷம் என்று எடுத்தால்கூட ஒரே மாதிரியான வரிகள் இருபது இருக்கும்.

தலைமை எழுத்தர் தேடினால் அதற்கென்று ஒரு முறை உண்டு. பன்னிரண்டு வால்யூம்களையும் தூக்கி வந்து மேசையில் போட்டு, தூசி அடங்குவதற்குள் “இந்தா, இதுல எங்கியாவது இருக்கும், பாத்துக்க” என்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அந்தக் குவியலைப் பார்த்ததும் கும்பிடு போடுவார்கள். அவருக்கு அது பிடிக்கும். “எல்லாத்தையும் எடுத்துக் காட்டுனாத்தான் நாம வேல செஞ்சது ஜனங்களுக்குத் தெரியும்” என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்.

அக்கா அப்படி இல்லை. நான் சேர்ந்த வாரம், கர்நாடக எல்லைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் துண்டு, கையில் சுருட்டிய காகிதங்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“எங்கப்பாரு செத்த தேதி வேணுங்க மேடம். அவரு சாவும்போது எங்க பெரியப்பன் மவன் எங்க காட்டை உழுதுக்கினு இருந்தான். நான் அன்னிக்கே சொன்னேன், டேய் இது நல்லா இல்லடான்னு. அதுக்கு அவன் பொண்டாட்டி என்னா சொன்னா தெரியுங்களா…”

அக்கா காதிலிருந்து பென்சிலை எடுத்தார். அவர் நிறுத்திவிட்டார்.

“ஊரு?”

சொன்னார்.

“வருசம்?”

“பெரிய பஞ்சம் ஒன்னு வந்துதுங்களே. அதுக்கு மொத வருசம். இல்லாட்டி அடுத்த வருசம்.”

“பேரு?”

“மாதையனுங்க.”

“உங்க ஊர்ல எத்தன மாதையன்?”

“தெருவுக்கு நாலு பேரு இருப்பாங்க.”

“எது வேணாம்?”

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அக்கா திரும்பவும் கேட்டார். “எந்த மாதையன் வேணாம், அதச் சொல்லுங்க.”

அவர் விரலை மடக்கினார். “பூசாரி மாதையன் வேணாங்க, அவன் இன்னும் சாவல. சின்ன மாதையன் பொழைக்கப் போன எடத்துல செத்தான், அவன் வேணாம். கொளத்துமேட்டு மாதையன் எங்க பங்காளி… அவன் பேச்சே வேணாங்க.”

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கால் மணி நேரத்தில் ஒரே ஒரு பதிவேட்டோடு வந்தார். பக்கத்தைத் திறந்து, மேலும் கீழும் இருந்த வரிகளை இரண்டு அட்டைகளால் மூடி, நடுவில் ஒரு வரியை மட்டும் விட்டு ஜன்னலில் வைத்தார்.

“தகப்பன் பேரு கெம்பையன். வயித்து வலி. புரட்டாசி. இவரா?”

அந்த மனிதருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த ஒரு வரியைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். பெரியப்பன் மகனைப் பற்றிய பேச்சு எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. “ஆமாங்க. வயித்து வலிதாங்க” என்று மட்டும் சொன்னார்.

அவர் போன பிறகு நான் கேட்டேன், “மத்த மாதையனையும் காட்டியிருக்கலாமேக்கா? ஒருவேளை தப்பா இருந்தா?”

“பன்னண்டு பேரக் காட்டுனா அவரு பன்னண்டு பேருக்கும் கதை சொல்வாரு. ஒருத்தரக் காட்டுனா ஆமாம்பாரு, இல்லேம்பாரு. இல்லேன்னா மறுபடி போயித் தேடறேன். எனக்கு என்ன?”

இதுதான் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு என்று நினைக்கிறேன்.

ஆபீஸில் இதை வைத்துக் கேலி பண்ணாத ஆள் இல்லை. “ரெக்கார்டம்மாவ சாப்டீங்களான்னு கேளு, ம்னு வரும். என்ன கொழம்புன்னு தெரிஞ்சுக்கத் தனியா ஒரு மனு எழுதிப் போடணும்” என்று தலைமை எழுத்தர் மத்தியானத்தில் சொல்வார். அக்கா டிபன் பாக்ஸைத் திறந்தபடியே, “மனுவுல ஊர், வருசம் எழுதுங்க” என்பார். அவருக்கும் சிரிக்க வைக்கத் தெரியும். ஆனால் அதுவும் ஒரே வரிதான்.

ஒருமுறை காரிமங்கலம் சந்தைக்கு அவரோடு போனேன். அவரைக்காய் வாங்க வேண்டும் என்று போனார், அவரைக்காய்தான் வாங்கினார். காய்க்காரி விடவில்லை.

“தக்காளி கெடக்குது பாருங்க, தளதளன்னு. கத்திரி போடட்டுமா? கொத்தமல்லி?”

“கேக்கல.”

“அட, கேக்காட்டிப் போவுது, வாங்கிக்கிட்டா என்ன? உங்களக் கட்டுன மகராசன் என்ன பாடு படறாரோ!”

“அவரும் ஒன்னும் கேக்கறதில்ல” என்றார் அக்கா. காய்க்காரி தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு கை அவரைக்காய் கூடப் போட்டாள். கூடப் போட்டதில் பாதியை அக்கா திருப்பி எடுத்துக் குவியலில் வைத்துவிட்டு வந்தார்.

அவரைப் பிடிக்காமல் போன ஒரு நாளும் உண்டு. தொப்பூர் இறக்கத்தில் லாரி கவிழ்ந்து அடிபட்டு, கூட்டாளி ஒருவர் வீட்டில் சில வாரம் படுத்திருந்து செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட டிரைவர் ஒருவரின் மனைவி வந்தார். கூடவே இரண்டு பெண் பிள்ளைகள். செத்த தேதி வேண்டும், அதைக் கொடுத்தால்தான் லாரி முதலாளி ஏதாவது செய்வேன் என்கிறார் என்றார். அக்கா மூன்று கேள்வி கேட்டார், உள்ளே போனார், சீட்டோடு வந்தார். பெயர், தேதி, பதிவு எண்.

நகல் எழுதுவதற்காக அந்தப் பதிவேடு பிறகு என் மேசைக்கு வந்தது. நான் பார்த்தேன். ‘தகவல் கொடுத்தவர்’ என்ற கட்டத்தில் ‘மனைவி’ என்று எழுதி, ஒரு பெயர் இருந்தது. அது வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் பெயர் இல்லை. இறந்த வீடும் அவர் சொன்ன கூட்டாளி வீடு இல்லை.

தலைமை எழுத்தரும் எட்டிப் பார்த்துவிட்டார். “அடடே, டிரைவருக்கு ரெண்டு குடித்தனமா! இதப் போயி அந்தம்மாகிட்ட…” என்று எழுந்தார்.

“அவங்க கேட்டது தேதி” என்றார் அக்கா.

“தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதானே ரெக்கார்டம்மா?”

“கேட்டா சொல்றேன்.”

கடைசிவரை அந்த அம்மா கேட்கவில்லை. நகல் படிவத்தில் அந்தக் கட்டமும் கிடையாது. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிள்ளைகளோடு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அன்றைக்கு முழுக்க எனக்கு மனசு ஆறவில்லை. தலைமை எழுத்தர் வாய் கூசாமல் சொல்லியிருப்பார், அது கொடுமை. அக்கா சொல்லவில்லை, அது நல்லதா என்றும் எனக்குத் தெரியவில்லை. கேட்கத் தெரியாதவர்களுக்கு யார் சொல்வது? அக்கா அன்று வழக்கம்போல் ஐந்து மணிக்குப் பூட்டைப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தக் கேள்வி இரண்டு மாதத்தில் எனக்கே திரும்பி வந்தது.

என் பரீட்சை விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பிறந்த வருஷத்தின் கடைசி எண்ணை ஒருமுறை எழுதி, அதன்மேல் இன்னொரு எண்ணை எழுதியிருந்தார்கள். 67 என்று முதலில் எழுதி 66 என்று திருத்தியது நன்றாகத் தெரிந்தது. திருத்தல் இருப்பதால் பிறப்புப் பதிவின் நகலை இணைத்து அனுப்பு என்று குறிப்பு. பதினைந்து நாள் கெடு. பரீட்சைக்கு ஜூலை முதல் தேதியன்று பதினெட்டு முடிந்திருக்க வேண்டும்.

எனக்குக் கவலையே இல்லை. பதிவேடுகளுக்கு நடுவில்தானே உட்கார்ந்திருக்கிறேன். மற்றவர்களைப் போலவே நானும் தேடுதல் மனு எழுதி ஜன்னலுக்கு வெளியே போய் நின்றேன், விளையாட்டாக. ஊர் என்ற இடத்தில் எங்கள் ஊர், அம்மா ஊர் இரண்டும், அப்பா பெயர், தாத்தா பெயர், பெண் குழந்தை, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இருந்த ஆடி மாதத் தேதி. வருஷம் 66.

அக்கா படித்துப் பார்த்தார். “எது வேணாம்?”

“என்னக்கா, எங்கப்பாவுக்கு நான் ஒரே பொண்ணு. இதுல வேணாங்கறதுக்கு என்ன இருக்குது?”

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போனார். வழக்கத்தைவிட நேரமாயிற்று. சீட்டோடு வந்தார். ‘பெண். தகப்பன் பெயர். ஆடி மாதத் தேதி. பதிவு எண்.’ நான் கேட்டது அப்படியே இருந்தது.

சாயங்காலம் வீட்டில் அதைப் படித்துக் காட்டினேன். எதையும் படித்துக் காட்டுவது எனக்குப் பிடிக்கும். அப்பா ஆடுகளைப் பட்டியில் அடைத்துக்கொண்டிருந்தார். அம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். நான் மாதத்தையும் தேதியையும் சொன்னதும் முறம் நின்றது.

“எந்த மாசம்?”

“ஆடிம்மா.”

“அது நீ இல்ல.”

“நான்தாம்மா. அப்பா பேரு இருக்குது, தாத்தா பேரு இருக்குது, ஆபீஸ் ரெஜிஸ்டர்ல பாத்து எழுதனது.”

“ஆபீஸு பெத்துதா, நான் பெத்தனா? நீ கார்த்திகையில பொறந்தவ. இதே வூட்டுல. மழ பேஞ்சு செவுரு எறங்கி, உங்கப்பன் முட்டுக் குடுத்துக்கினு இருந்தான்.” அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். “அது எங்கம்மா வூட்டுல பொறந்தது” என்று உள்ளேயிருந்து சொன்னார்.

அப்பா பட்டிப் படலைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “உனக்கு முன்ன ஒன்னு இருந்துது கண்ணு. மொதப் பிரசவம், உங்க ஆயா வூட்டுல. அஞ்சு மாசத்துக் கொழந்தையா இங்க தூக்கிக்கினு வந்தோம். நிக்கல.” பள்ளியில் சேர்க்கும்போது பிறந்த தேதிச் சீட்டுக் கேட்டார்களாம். தகரப் பெட்டியில் மணியக்காரர் கொடுத்த சீட்டு ஒன்று இருந்ததாம். கொண்டுபோய்க் கொடுத்தாராம். “ஒரு சீட்டுத்தான் இருந்துது. உன்னுதுன்னுதான் நெனச்சேன். எனக்கு என்ன எழுத்தா தெரியும்?” இரண்டாவது பிரசவத்துக்கு அவர் சீட்டே வாங்கவில்லை. நான் ஆளில் சின்னதாக இருந்ததைப் பார்த்து வாத்தியார் முதலில் 67 என்று எழுதியிருக்கிறார். பிறகு சீட்டைப் பார்த்துத் திருத்தியிருக்கிறார். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் எழுதியவரும் அந்தத் திருத்தலைப் பார்த்துத் தடுமாறி அப்படியே எழுதியிருக்க வேண்டும்.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஆடியிலிருந்து அடுத்த கார்த்திகை, பதினாறு மாதம். ஜூலை முதல் தேதி எனக்குப் பதினெட்டு முடியாது. ஐந்து மாதம் குறையும்.

மறுநாள் அலுவலகம் திறக்கும்போதே போய்விட்டேன். அக்கா பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

“அக்கா, நேத்துக் குடுத்தது எந்த ஊர் ரெஜிஸ்டர்?”

“உங்கம்மா ஊரு.”

“எங்க ஊரு ரெஜிஸ்டரும் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“அதுல என்ன இருக்குது?”

“அடுத்த வருசம் கார்த்திகையில ஒரு பொண்ணு. அதே தகப்பன்.”

எனக்குக் கோபம் வந்தது. “ரெண்டும் பாத்துட்டு ஒன்ன மட்டும் எழுதிக் குடுத்தீங்களா? தினமும் உங்க பக்கத்துலதானே உக்காந்திருக்கேன். வாயத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீ தேதி போட்டுக் கேட்ட. அந்தத் தேதிக்கு ஒன்னுதான் இருக்குது.”

“இன்னும் என்னென்ன வெச்சிருக்கீங்க?”

“அது கேள்வி இல்ல” என்றார். குரலில் கடுமை இல்லை. கதவைத் திறந்து உள்ளே போய் விளக்கைப் போட்டார்.

நான் ஜன்னலுக்கு வெளியே போய் நின்றேன். இந்த முறை விளையாட்டில்லை. ஒரு தாள் எடுத்து எழுதினேன். எங்கள் ஊர், அதே வருஷக் கடைசி, அப்பா பெயர், ஐந்து மாதப் பெண் குழந்தை, இறப்பு. நீட்டினேன்.

அக்கா உள்ளே போகவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார். ஏற்கனவே எழுதி வைத்திருந்தது. மார்கழித் தேதி ஒன்று, ‘சுரம்’, பதிவு எண். ஓரத்தில் அவர் எப்போதும் போடும் தேதியைப் பார்த்தேன். முந்தின நாள் தேதி. முதல் சீட்டு எழுதிய அன்றைக்கே இதையும் எழுதி வைத்திருக்கிறார்.

பிறப்புப் பதிவில் பெயர் இருக்காது. ஆனால் ஐந்து மாதக் குழந்தைக்குப் பெயர் இருந்திருக்கும். இறப்புப் பதிவில் அதை எழுதியிருப்பார்கள். அந்த யோசனை எனக்கு அப்போதுதான் வந்தது.

“அதோட பேரு என்னக்கா?”

இழுப்பறையிலிருந்து இன்னொரு சீட்டு வந்தது. அதில் ஒரே ஒரு சொல். ‘காவேரி.’

நான் அந்த இரண்டு சீட்டையும் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா அவர்களைப் பார்த்து “கொஞ்சம் இருங்க” என்றார். அவர் யாரையும் இருக்கச் சொல்லி நான் கேட்டதில்லை.

“அக்கா, அந்த மொதச் சீட்ட வெச்சு நகல் வாங்கி அனுப்பினா செல்லுமா?”

“செல்லும். பொறப்பு நெசம், தகப்பன் பேரு நெசம். யாரும் கேக்கமாட்டாங்க.”

“அது சரியா?”

“எதுக்குச் சரியான்னு கேளு.”

எனக்குக் கேட்கத் தெரியவில்லை. பரீட்சைக்குச் சரி. தொப்பூர் போகாமல் இருப்பதற்குச் சரி. அவர் காத்திருந்தார். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த ஆளிடம் “ஊரு?” என்றார்.

எனக்காகத்தான் அவர் முதல் நாள் சொல்லாமல் இருந்தாரா, அல்லது யாராக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பாரா என்று நான் பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். அவரையே கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லியிருப்பார். அதனால்தான் கேட்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று, “காவேரியா பேரு?” என்று கேட்டேன்.

கயிறு அம்மா கையில் அப்படியே நின்றது. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. “ஆபீஸுல அதுகூடவா எழுதி வெச்சிருக்காங்க?” என்றார். எழுதி வைத்திருக்கிறார்கள் என்றேன். எந்த இடத்தில், எத்தனை எழுத்து என்று கேட்டார். மூன்று எழுத்து என்று சொன்னேன். குடத்தின் ஈரத்தில் விரலை நனைத்துக் கிணற்றுக் கல்லின்மேல் எழுதிக் காட்டச் சொன்னார். எழுதினேன். அது காய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தச் சீட்ட வெச்சு நீ பரீட்சை எழுதறியா?”

“எழுதலாம்னு சொல்றாங்க.”

“எழுதறதுன்னா எழுது. நீ கெட்டுப்போவணும்னு நான் சொல்லமாட்டேன்.” குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். “ஆனா அவ பொறந்த நாள அவகிட்டயே உட்டுட்டா நல்லா இருக்கும் கண்ணு. அவளுக்குன்னு இருக்கறது அது ஒன்னுதான்.”

இரண்டு நாள் யோசித்தேன். என்னிடம் இல்லாத ஐந்து மாதத்தை எங்கிருந்தும் கொண்டுவர முடியாது என்று எனக்கே தெரிந்தது. அந்தத் தேதியில் வேலைக்குச் சேர்ந்தால் ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் ஒவ்வொரு காகிதத்திலும் அதை என் கையெழுத்தால் எழுத வேண்டும். என் கையெழுத்தைப் பற்றி எனக்கு ஒரு மரியாதை உண்டு.

மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பாதான் பேச்சை எடுத்தார். “கெடு முடியறதுக்குள்ள அனுப்பணும்னியே. என்ன பண்ணப் போற?”

“பண்ணிட்டேம்ப்பா.”

காலையிலேயே தபால் ஆபீஸுக்குப் போய்விட்டுத்தான் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். என் கார்த்திகைத் தேதிக்கு அக்காவிடம் முறையாக மனுப் போட்டு வாங்கிய நகலை வைத்து, பள்ளிக்கூடத்துப் பதிவைத் திருத்தச் சொல்லித் தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம். இந்த வருஷ விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன், அடுத்த வருஷம் சரியான வயதோடு எழுதுகிறேன் என்று பரீட்சைக்காரர்களுக்கு ஒரு கடிதம். இரண்டும் ரிஜிஸ்தர் தபால். ரசீதுகளை எடுத்துக் காட்டினேன். அப்பா அவற்றைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

“சரி. உனக்கு ஒரு வருசந்தான்னு தொப்பூர்ல வாக்குக் குடுத்திருக்கேன். ஆவணியில வெச்சுக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“எனக்குப் பதினெட்டு ஆவல. சட்டப்படி கல்யாணம் பண்ணக் கூடாது.”

“சட்டம் பாத்தா நம்மூர்ல யாரு கல்யாணம் பண்ணாங்க? உங்கம்மாவுக்கு என்ன வயசுன்னு அவளையே கேளு.” அப்பா சிரித்தார். ஆனால் அவர் கண் என்மேலேயே இருந்தது. “வெளையாடாத புள்ள. ஆளு அனுப்பிப் பதில் சொல்லணும்.”

“ஆளெல்லாம் அனுப்ப வேணாம்ப்பா. நானே எழுதிப் போட்டுட்டேன்.”

“யாருக்கு?”

“மாமனுக்கு.”

அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தார்.

என்ன எழுதினேன் என்று சொன்னேன். மாமாவுக்கு வணக்கம். எனக்கு இன்னும் பதினெட்டு வயது ஆகவில்லை. அடுத்த வருஷம் பரீட்சை எழுதி வேலைக்குப் போகிறேன். நீங்கள் வேறு பெண் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

அப்பா ரசீதுகளை மடித்து மடியில் செருகிக்கொண்டார். பிறகு, “கவர்லதானே போட்ட?” என்று மெதுவாகக் கேட்டார்.

“கார்டுலப்பா.”

மாமனுக்குப் படிக்கத் தெரியாது. கடைக்கு வரும் தபாலை, அங்கே சாப்பிட உட்காரும் டிரைவர்களில் யாராவதுதான் சத்தமாகப் படித்துக் காட்டுவார்கள். அது தெரிந்துதான் கார்டில் எழுதினேன். இனிமேல் அந்தப் பேச்சை யாரும் என் பேரில் மூடி வைத்துப் பேச முடியாது. முந்தின நாள் சாயங்காலத் தபால் கட்டிலேயே அது போய்விட்டது. நாங்கள் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் என் கார்டு தொப்பூர்க் கடையில், இலைகளுக்கு நடுவில், யாரோ ஒரு லாரிக்காரர் கையில் இருந்திருக்கும்.